அடைக்கலம் தந்த கடிதங்கள்



நம் தமிழ் மொழியில் ‘அடைக்கலம்’ என்றொரு சொல் உண்டு. இந்தச் சொல்லுக்கு ஒரு காதையையே ஒதுக்கிய பெருமை இளங்கோவடிகளுக்கு உரியது. மதுரைப் புறஞ்சேரியிலே கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகள் மாதரியிடம் ஒப்படைக்கின்ற இடந்தான் அடைக்கலக் காதை. அந்த மாதரி பெருஞ்செல்வம் உடையவள் அல்லள்.  பால், மோர் விற்றுப் பிழைக்கும் ஓர் இடைக்குலப் பெண். வந்தவர்களுக்கு அவள் என்ன செய்தாள்? தனியாக ஒரு சிறு மனை கொடுத்தாள். துணைக்குத் தன் மகள் ஐயையைக் கொடுத்தாள். சமைப்பதற்கு அரிசியும் காய்கறியும் புதுக் கலங்களும் கொடுத்தாள். அவர்களுடைய நோன்பு வேறு, உணவு முறை வேறு என்பதை உணர்ந்து, அவர்கள் தம் கையால் தமக்குச் சமைத்துக்கொள்ள வழி செய்தாள்.

உயர்தர வகுப்பிலே இந்தக் காதையைக் கற்பிக்கும்போது மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. ‘சோறு போட்டிருக்கலாமே, ஏன் கலம் கொடுத்தாள்?’ என்பதே அக்கேள்வி. மிக நல்ல கேள்வி. சோறு போடுவது இரக்கம். கலம் கொடுப்பது, வந்தவரை அவரவர் வாழ்க்கைக்கு உரியவராக மதிப்பது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை விளங்கிக்கொள்ள இன்று வரலாற்றிலிருந்து ஒரு மனிதரை உங்கள் முன் நிறுத்த விரும்புகின்றேன். அவர் தமிழரல்லர், பஞ்சாப் மாகாணத்தின் லூதியானா நகரத்தவர். பெயர் குந்தன்லால் குப்தா. மாதரியை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மாதரி செய்ததையே அவர் 1938இல் ஐரோப்பாவின் நடுவே செய்தார்.

முதலில் அந்தக் காலத்தைச் சிறிது நோக்குவோம்.

1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தன. ஒரு துப்பாக்கி வேட்டுமின்றி அந்த நாடு ஜேர்மனியோடு இணைக்கப்பட்டது. அந்நாட்டில் அப்போது ஏறத்தாழ 2 இலட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் தலைநகரான வியன்னாவில் இருந்தனர். வைத்தியர்கள், சட்டத்தரணிகள், இசைவாணர்கள், ஆலை முதலாளிகள், தச்சர்கள், தையற்காரர்கள் என எல்லாத் தரத்தினரும் அவர்களுள் அடங்குவர். ஓரிரவுக்குள் அவர்கள் சொந்த நகரத்தில் அந்நியரானார்கள். நேற்றுவரை வணக்கம் சொன்ன அயலவர் கூடி நின்று சிரிக்க, யூத முதியவர்களும் பெண்களும் முழந்தாளிட்டுத் தெருவைத் தேய்த்துக் கழுவ வைக்கப்பட்டார்கள். கடைகள் பறிக்கப்பட்டன. உத்தியோகங்கள் போயின. அதே ஆண்டு நவம்பர் 9ஆம், 10ஆம் திகதிகளில் தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வதைமுகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அந்தக் கட்டத்தில் நாசிகளின் நோக்கம், யூதரின் உடைமைகளைப் பறித்துக்கொண்டு அவர்களை நாட்டை விட்டுத் துரத்துவதாக இருந்தது. கொன்றொழிக்கும் திட்டம் பின்னாளில் வந்தது. ஆகவே 1938இல் ஒரு வாசல் திறந்திருந்தது. வெளியேறலாம். ஆனால் எங்கே போவது? அதுதான் வினா.

அந்த வினாவுக்கு விடை காணவென்று 1938 ஜூலை மாதம் பிரான்சு நாட்டின் எவியான் நகரிலே 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து யூதர்களுக்காக அனுதாபம் தெரிவித்தார்கள். எங்கள் நாட்டில் வேலையில்லை, எங்கள் நாட்டில் இடமில்லை என்றார்கள். டொமினிக்கன் குடியரசு ஒன்றைத் தவிர, பெரிய அளவில் கதவு திறப்பதாகச் சொன்ன நாடில்லை. பாரி இறந்தபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று நின்ற காட்சியைப் புறநானூறு படித்தவர்கள் அறிவார்கள். எவ்வளவு பெரிய புலவர்; எவ்வளவு பெரிய குடியின் பெண்கள்! ஆயினும் இரண்டு கதவுகளும் மூடிக்கொண்டன. எவியானில் மூடியவை முப்பதுக்கு மேற்பட்ட கதவுகள்.

பிரித்தானியர் ஆட்சியிலிருந்த இந்தியாவும் எல்லோரையும் வரவேற்றுவிடவில்லை. வருகின்றவர் அரசாங்கத்துக்குச் சுமையாகக் கூடாது. அவருக்கு ஒரு வேலை இருக்கவேண்டும். அல்லது அவரைப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கவேண்டும். அப்படியானால்தான் விசா. எனவே வியன்னாவில் ஒரு யூதனுடைய உயிரின் விலை, தொலைதூர நாடொன்றில் முகந்தெரியாத ஒருவர் ‘இவருக்கு நான் வேலை தருகிறேன்’ என்று எழுதிக் கையொப்பமிடும் ஒரு தாளாக இருந்தது. அந்தத் தாளை எழுத ஆளில்லாமலே பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஒஸ்திரிய யூதர்களில் ஏறத்தாழ 65,000 பேர் பின்னர் கொல்லப்பட்டனர் என்பது வரலாறு தரும் கணக்கு.

இந்த நேரத்திலேதான் குந்தன்லால் வியன்னாவுக்குச் செல்கின்றார். அவர் போனது எவரையும் காப்பாற்றுவதற்காக அன்று. தம் நோய்க்கு மருந்து தேடியே போனார். நீரிழிவும் மூலநோயும் அவரை வாட்டின. வயது 45. வியன்னாவில் கைராசியான நிபுணர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கப்பலேறினார். சத்திரசிகிச்சை முடிந்து வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபோது, தலைப்பிள்ளைக்காகக் காத்திருந்த ஓர் இளந் தம்பதியரின் அறிமுகம் கிடைத்தது. கணவர் அல்பிரட் வாக்ஸ்லர். மரவேலையில் தேர்ந்த கைவினைஞர். மனைவி லூசி; நிறைமாதத்தை நோக்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. வெளியே நகரத்தில் என்ன நடக்கின்றது என்பதை அவர்கள் வாயிலாகத்தான் குந்தன்லால் அறிந்தார். அதே வைத்தியசாலையில் இன்னொருவர் நோயாளிபோல் நடித்து ஒளிந்திருந்தார். பிரிட்ஸ் வைஸ் என்னும் முப்பது வயதுச் சட்டத்தரணி. தம் வீட்டு வாசலிலேயே தெருக் கழுவ வைக்கப்பட்டவர் அவர்.

குந்தன்லால் யார்? கோடீசுவரர் அல்லர். ஏழைக் குடியிற் பிறந்து, அக்கால வழக்கப்படி 13 வயதிலே மணமுடித்து வைக்கப்பட்டவர். லாகூரில் படித்து வகுப்பில் முதலாவதாகத் தேறி, 22 வயதில் அரசாங்க உத்தியோகம் பெற்று, பின் அதைத் துறந்து விடுதலை இயக்கத்திலும் சொந்தத் தொழில் முயற்சிகளிலும் இறங்கியவர். மரம், உப்பு, ஆய்வுகூட உபகரணம், மாட்டு வண்டிச் சில்லு, தீக்குச்சி என்று அவர் கைவைக்காத வியாபாரம் குறைவு. சில ஓடின, சில படுத்தன. அவரிடம் இருந்த பெருஞ் செல்வம், ஒரு தொழிலை ஆரம்பிப்பதாகச் சொன்னால் மற்றவர் நம்பக்கூடிய அனுபவந்தான். அந்த ஒன்றையே அவர் எடுத்துப் பயன்படுத்தினார்.

வைஸுக்கு ‘குந்தன் ஏஜென்சீஸ்’ என்ற நிறுவனத்தில் வேலை என்று கடிதம் எழுதினார். அப்படியொரு நிறுவனம் இருக்கவில்லை. தேர்ச்சி பெற்ற தொழிலாளர் இந்தியாவுக்குத் தேவை என்று ஒஸ்திரியப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்து வந்த ஹான்ஸ் லோஷ் என்ற நெசவுத் தொழில்நுட்பவியலாளருக்கு லூதியானாவில் ‘குந்தன் துணி ஆலை’யின் முகாமையாளர் பதவி என்றார், தங்குமிடமும் இலாபத்தில் பங்கும் உண்டு என்று எழுதினார். 50 பேர் வேலை செய்த ஒட்டுப்பலகை ஆலைக்கு உரிமையாளராயிருந்த அல்பிரட் ஷாப்ரானெக்குக்கு, இந்தியாவிலே நவீன ஒட்டுப்பலகை ஆலை அமைக்கும் பொறுப்பு. அவருடைய சகோதரரான இயந்திர வல்லுநர் சீக்பிரிட்டும் குடும்பத்தோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார். வாக்ஸ்லருக்குத் தளபாடத் தொழில். இப்படி அவர் உதவிய யூதக் குடும்பங்கள் ஐந்து. விசா பெறுவதற்கு வேண்டிய பொருளாதார உத்தரவாதத்தையும் அவரே கொடுத்தார்.

ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய இடம் இது, நேயர்களே. அந்தக் கடிதங்களில் இருந்தவற்றிற் பல உண்மையல்ல. சட்டம் படித்த ஒருவர் அவற்றைப் பொய் ஆவணம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வள்ளுவர் வாய்மை என்னும் அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்திலே வைத்து எண்ணத்தக்கது என்று வகுத்திருக்கிறாரே! அந்தக் குறளுக்கு உரை எழுதுவோர் உதாரணம் தேடி வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. கூடவே இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பிரித்தானிய அதிகாரிகளிடமோ இந்திய நண்பர்களிடமோ அவர் தம் உள்ளெண்ணத்தை வெளியிடவில்லை. இறுதிவரை தொழில்நுட்பத்தை இந்தியாவுக்குக் கொண்டு வருகின்ற வியாபாரியாகவே காட்சியளித்தார். மாதங்கள் கழித்து வீடு திரும்பியபின்னர்தான் மனைவி சரஸ்வதிக்கும் பிள்ளைகளுக்குமே விடயம் தெரிந்தது.

பொய்க் கடிதம் எழுதி உயிர் காத்தவர்கள் உலகில் வேறும் உண்டு. குந்தன்லாலின் சிறப்பு அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கின்றது. ஊர் திரும்பியதும் அவர் அந்தப் பொய்களை மெய்யாக்கும் வேலையைத் தொடங்கினார்.

லூதியானாவில் அடுத்தடுத்து ஒரே மாதிரியான இரண்டு வீடுகளைக் கட்டினார். ஒன்று வாக்ஸ்லர் குடும்பத்துக்கு. மற்றையது ஷாப்ரானெக் குடும்பத்துக்கு. வியன்னாவில் வயிற்றிலிருந்த பிள்ளை கைக்குழந்தையாக லூதியானாவுக்கு வந்து சேர்ந்தது. வாக்ஸ்லர் தளபாடப் பட்டறை ஒன்றை ஆரம்பித்து, பர்மாத் தேக்கிலே, சீக்கியத் தச்சர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அழகான சாப்பாட்டு மேசைகளும் கதிரைகளும் செய்தார். அவற்றுள் ஒரு தொகுதி இன்றும் குந்தன்லாலின் வழித்தோன்றல்களிடம் இருக்கின்றது. 1939 மார்ச் மாதம் வந்து சேர்ந்த ஷாப்ரானெக் சகோதரர்கள் அந்த இரண்டு வீடுகளுக்கும் பின்னாலிருந்த கொட்டகையில் ஒட்டுப்பலகை ஆலையைத் தொடங்கினார்கள். இந்தியாவின் மிக முந்திய ஒட்டுப்பலகை ஆலைகளுள் அதுவும் ஒன்று. வியன்னாவில் கடிதத்திலே மட்டும் இருந்த ஆலை, லூதியானாவில் மரவாசனையோடு எழுந்து நின்றது. மாதரி கொடுத்த கலத்தை இவர் உளியாகவும் வாளாகவும் இயந்திரமாகவும் கொடுத்தார்.

ஒரு தொழிற்சாலை ஓர் ஊருக்கு என்னவாக இருக்கும் என்பதைப் பரந்தன் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரசாயனத் தொழிற்சாலையின் பெயராலே நாடெங்கும் அறியப்பட்டதும், போர் அதை நிறுத்தியபோது எத்தனையோ வீடுகளின் அடுப்பு அணைந்ததும் நம் ஊரின் கதையல்லவா? வேலை என்பது வெறுங் கூலியன்று. ‘நீ இங்கே வேண்டியவன்’ என்று ஓர் ஊர் ஒருவனுக்குச் சொல்லுகின்ற சொல் அது.

ஆனால் எல்லாம் இனிதாக முடிந்த கதையென்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது கதையாகுமேயன்றி வரலாறாகாது. முகாமையாளராக வந்த லோஷ், குந்தன்லாலின் வீட்டிலே அன்போடு வரவேற்கப்பட்டார். இருந்தும் அந்தச் சிறு நகரத்தில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. தம் சமயத்தவர் ஒருவரில்லை; இசையில்லை, நாடகமில்லை; துணி ஆலையோ தள்ளாடிக்கொண்டிருந்தது. வேலை வசதி போதாது, இலாபத்துக்கும் வழியில்லை என்று குறைகூறிச் சில வாரங்களில் பம்பாய்க்குப் போய்விட்டார். பின் திரும்பவேயில்லை. வைஸும் இரண்டு மாதம் முழுதாக நிற்கவில்லை. அவரும் பம்பாய் சென்று வேறு தொழில் பார்த்து, பின் இங்கிலாந்தில் குடியேறினார்.

‘எவ்வளவு செய்தும் இப்படிப் போய்விட்டார்களே!’ என்று நம்மில் ஒருவர் மனம் நொந்திருப்போம். நன்றி கொன்றவர் என்றும் பேசியிருப்போம். குந்தன்லால் அவர்கள்மேல் எந்த மனக்கசப்பும் கொள்ளவில்லை. இதை நான் அவர் எழுதிய கடிதங்களைவிடப் பெரியதாக மதிக்கின்றேன். காப்பாற்றப்பட்டவன் காப்பாற்றியவனுக்கு அடிமையல்லன். அவனுக்கு ஊர் பிடிக்காமற் போகலாம். சாப்பாடு பிடிக்காமற் போகலாம். புறப்பட்டுப் போகவும் விரும்பலாம். போகும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது அடைக்கலம். அந்த உரிமை இல்லையென்றால் அதற்குச் சிறை என்றுதான் பெயர்.

வன்னி மண்ணில் வாழ்பவர்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் கிளாலிக் கடலேரியைக் கடந்து இங்கே வந்தபோது, ஒரு குடும்பம் இருந்த வளவில் நான்கு குடும்பங்கள் இருந்தன. பின்னர் வன்னியே இடம்பெயர்ந்தது. 2009வரை அது ஓயவில்லை. ஆகவே நம்மிற் பலர் வீடு கொடுத்தவர்களாகவும் இருந்திருக்கிறோம். வீடு கேட்டு நின்றவர்களாகவும் இருந்திருக்கிறோம். கிணற்றடியில் வந்த பிணக்கும், விறகுக்கு வந்த வாக்குவாதமும், பின் பிரியும்போது படலையில் நின்று விட்ட கண்ணீரும் நமக்குத் தெரியும். கொடுத்தவர் எத்தனை நல்லவராயினும் இன்னொருவர் குசினியில் சமைப்பவளின் கூச்சம் எத்தகையது என்பதும் நமக்குத் தெரியும். மாதரி ஏன் தனி மனையும் புதுக் கலமும் கொடுத்தாள் என்பதன் விடை அந்தக் கூச்சத்துக்குள்தான் இருக்கின்றது.

கதையின் அடுத்த பகுதி இன்னும் கசப்பானது. 1939 செப்டெம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் ஒரே எதிரி நாடு. எனவே அங்கிருந்து வந்தோர் எல்லோரும் ‘எதிரி நாட்டார்’ என்று பிரித்தானிய அரசாங்கம் கருதியது. ஹிட்லர் அவர்களை யூதர் என்று துரத்தினான். பிரித்தானியர் அவர்களை ஹிட்லரின் நாட்டவர் என்று அடைத்தனர். லூதியானாவின் அந்த இரண்டு வீடுகளும் வெறுமையாயின. வாக்ஸ்லர் குடும்பம் பூனாவுக்கு அருகேயுள்ள புரந்தர் முகாமிலே அடைபட்டது. ஆலையும் பட்டறையும் நின்றன.

நம் இலங்கையிலும் இதே கதை நடந்ததை இவ்விடத்தில் நினைக்கவேண்டும். ஜேர்மனியில் யூதக் குடும்பத்தில் 1901இல் பிறந்து, பௌத்த நூல்களில் மனந்தோய்ந்து, 1936இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்டவர் ஞானபொனிக தேரர். தம் தாயாரை நாசிகளின் கைக்கு எட்டாமல் கொழும்புக்கு அழைப்பிக்க அவர் முயன்றபோது, இலங்கை வங்கியின் முதல் தலைவராக விளங்கிய சேர் ஏர்ணஸ்ட் டி சில்வா உதவினார். அந்த அம்மையாரைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்தார். தாயார் இப்படிக் கொழும்பிலே பாதுகாப்புப் பெற, மகனோ ஜேர்மானியர் என்பதற்காகத் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டு, பின் வட இந்தியாவின் தெஹ்ராதூனுக்கு அனுப்பப்பட்டு, 1946வரை அங்கே இருந்தார். முள்வேலிக்குள் இருந்துகொண்டே பாளி நூல்களை ஜேர்மன் மொழியில் பெயர்த்தார் என்பது அந்த மனிதரின் உள்ளுறுதிக்குச் சான்று. பிற்காலத்தில் கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராகி, 1994இல் மறைந்தார்.

போர் முடிந்ததும் லூதியானாக் குடும்பங்களும் உபகண்டத்தை விட்டு நீங்கின. ஷாப்ரானெக் குடும்பம் 1947இல் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றது. வாக்ஸ்லர் குடும்பம் 1948இல் அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கே அல்பிரட் மீண்டும் தளபாடத் தொழிலில் வெற்றி கண்டார். அப்படியானால் குந்தன்லால் கட்டிய வீடும் ஆலையும் வீண்போயினவா? ஒருவகையில் ஆம். ஆலை நிலைக்கவில்லை. பணம் திரும்பவில்லை. ஆனால் 1942இல் வியன்னாவிலிருந்து கிழக்கு நோக்கி மனிதரை ஏற்றிச் சென்ற புகையிரதங்களில் அந்தக் குடும்பங்கள் இருக்கவில்லை. ஐந்து குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பின்னர் இந்த உலகில் பிறந்தார்கள். ஆலை நட்டப்பட்ட கணக்கை இந்தக் கணக்கோடு சேர்த்தல்லவா எழுதவேண்டும்?

இதே வியன்னாவிலே சீனத் துணைத்தூதராயிருந்த ஹோ பெங் ஷான், மேலிடத்து எதிர்ப்பையும் மீறி யூதர்களுக்கு ஷங்காய் விசாக்களை வழங்கினார். 1940இல் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் ஜப்பானியத் துணைத்தூதர் சுகிஹாரா இரவுபகலாக விசா எழுதி ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். இவர்கள் கையில் அரசாங்க முத்திரை இருந்தது. துணிந்து அதைக் குத்தினார்கள். உலகம் காலந்தாழ்த்தியாவது அவர்களைக் கொண்டாடியது. குந்தன்லாலின் கையில் எந்த முத்திரையும் இல்லை. பெயரும், கொஞ்சம் பணமும், ஒரு பேனாவுந்தான் இருந்தன. அவர் அதைப்பற்றிப் பேசித் திரியவுமில்லை. லூதியானாவில் ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். அது இன்றும் நடக்கின்றது. 1965இல் மனைவி சரஸ்வதி தீ விபத்தில் இறந்தார். மறுவருடம் 73ஆம் வயதில் மாரடைப்பால் குந்தன்லாலும் காலமானார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக, வியன்னாச் செய்தி குடும்பத்துக்குள் முணுமுணுக்கப்பட்ட ஓர் இரகசியமாகவே இருந்தது. தாயார் சொல்லக் கேட்டு, பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் நாடுநாடாகத் தேடி எடுத்து, அவருடைய பேரன் வினய் குப்தா ‘வியன்னாவில் ஒரு மீட்பு’ எனப் பொருள்படும் ஆங்கில நூலை எழுதியபின்னர்தான், 2025இல் உலகம் அதை அறிந்தது.

நாசிகள் கொன்ற யூதர்கள் 60 இலட்சம். குந்தன்லால் உதவியது ஐந்து குடும்பங்களுக்கு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் இரண்டாவது எண் கண்ணுக்கே தெரியாது. பெருங்கொடுமையின் முன்னே நம்மால் என்ன ஆகும் என்று கை கட்டி நிற்பவர்கள் எக்காலத்திலும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்த அந்த வியாபாரி அந்தக் கணக்கைப் போடவில்லை. அடுத்த கட்டிலில் ஒளிந்திருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தார். அவனுக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. கடிதம் எழுதத் தமக்குத் தெரியும். எழுதினார். எழுதியபின், எழுதியதற்குப் பொறுப்பேற்று வீடு கட்டினார்.

சிலப்பதிகாரத்தில் அரசர் பெயரும் வணிகர் பெயரும் நிறைய வருகின்றன. அவற்றோடு, கலம் கொடுத்த ஓர் இடைச்சியின் பெயரையும் இளங்கோவடிகள் மறவாமல் எழுதிவைத்தார். தன்னிடம் வந்த அடைக்கலத்துக்கு நேர்ந்ததைத் தாங்காது தீப்புகுந்தாள் அவள் என்பதையும் எழுதிவைத்தார். தந்த வாக்கு ஒருவரை எவ்வளவு தூரம் கட்டும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நம் இடப்பெயர்வுக் காலத்திலும் இந்த வன்னியெங்கும் மாதரிகளும் குந்தன்லால்களும் இருந்தார்கள். தலைவாசலைத் திறந்துவிட்டவர்கள், ஒரு துண்டுக் காணியைக் காட்டி ‘இதிலே கொட்டில் போடுங்கோ’ என்றவர்கள், மண்வெட்டியையும் விதைநெல்லையும் இரவல் கொடுத்தவர்கள். அவர்களிற் பலர் இன்று முதுமையடைந்துவிட்டார்கள், சிலர் மறைந்துவிட்டார்கள். அவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. குந்தன்லாலின் கதையைக் கேட்டு எழுதப் பேரன் ஒருவன் இருந்தான். நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கும் கதைகளைக் கேட்டு எழுதவேண்டியவர்கள் நாமே.